பாலத்தில் உட்கார்ந்த நாய்

ஓடையின் இரு கரையும் ஒரே கூட்டமைப்பாக இருந்த காலம் அது. வெள்ளாட்டுக்கு வீடு இக்கரையில், சோளக்கொல்லை அக்கரையில். கூட்டமைப்பை விட்டு விலகலாமா என்று இக்கரையார் கூட்டம் போட்டுக் கேட்டபோது ஆடும் உற்சாகமாகத் தலையாட்டியது.

மறுநாளே பாலத்தில் நாய் காவலுக்கு உட்கார்ந்தது. வண்டிகள் நின்றுபோயின. அறுக்க ஆளில்லாமல் சோளம் முற்றி உதிர்ந்தது. அதைக்கூட ஆடு பொறுத்துக்கொண்டது. ஆனால் ஒருநாள் குட்டிக்குக் காய்ச்சல் கண்டு கால் வீங்கிவிட்டது. வைத்தியர் கீரி இருப்பதோ அக்கரையில்.

"வழி விடுங்க அண்ணே, குட்டி துடிக்குது."

"அனுமதிச் சீட்டு வர மூணு நாள் ஆகும்மா. எல்லாரும் சேர்ந்து போட்ட சட்டம்தானே?" என்றது நாய் வருத்தமாக.

நான்காம் நாள் கீரி வந்து பச்சிலை கட்டியது. குட்டி பிழைத்தது, கால்தான் சரியாகவில்லை. அது நொண்டிக்கொண்டே ஆசையாக ஓடிவரும்போதெல்லாம் ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.