பலாமர மூடி

“மூடியைத் திறந்து காட்டு. இல்லேன்னா இப்பவே போலீசுக்குப் போறேன்!”

பிரிக்பீல்ட்ஸில் கித்தார் ரிப்பேர் செய்யும் வேலாயுதத்தின் கடையில் ரெங்கசாமி போட்ட கூச்சல், எதிர் வரிசைப் பூக்கடை வரைக்கும் கேட்டது.

பக்கத்தில் அவன் தம்பி வாசு, கித்தாரை அணைத்துக்கொண்டு நின்றான். கல்யாணங்களில் வாசிக்கிற பேண்டில் அவன்தான் கித்தாரிஸ்ட். அடுத்த வாரம் அவர்களுடைய முதல் கேசட் ரெக்கார்டிங்.

விஷயம் இதுதான். கித்தார் கம்பிக்கு அடியில் இருந்து ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்புக்குத் தகர மூடி இருந்தது. அதை எடுத்துவிட்டு பலாமரத்தில் மூடி செய்யக் கொடுத்திருந்தார்கள். வேலாயுதம் அழகாகத்தான் செய்தார். ஆனால் திறக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டிவிட்டார்.

“சத்தமே மாறிப்போச்சுன்னு தம்பி சொல்றான் லா! அமெரிக்கா பிக்கப். சிங்கப்பூர்ல நான் வாங்கினது. அதை உருவிட்டு வேற எதையோ வெச்சு ஒட்டியிருக்கே!”

“மூடி மாறினா சத்தமும் மாறும், பாஸ்,” என்றார் வேலாயுதம், முகத்தைப் பார்க்காமல்.

அசல் திருட்டு முழி.

“அப்போ திற!”

“வாசிக்கிறவருக்கு மட்டும் காட்டுறேன். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

ரெங்கசாமி முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனான்.

வேலாயுதம் கத்தியைச் சூடாக்கி மூடியை நெம்பினார். உள்ளே இருந்தது வேறு பிக்கப்.

“அங்கிள்! நெஜமாவே மாத்திட்டீங்களா?”

“ஆமா.”

வாசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தான்.

அதற்குள் வேலாயுதம் டிராயரிலிருந்து பழைய பிக்கப்பை எடுத்து அவன் கையில் வைத்தார். ‘அமெரிக்கா’ என்று ஒட்டியிருந்த காகிதம் பாதி உரிந்து, அடியில் வேறு ஏதோ ஊர் பெயர் தெரிந்தது.

“யாரோ உங்க அண்ணனை நல்லா ஏமாத்திட்டான். பொம்மைக் கித்தார்ல போடுற சரக்கு இது. இப்ப உள்ள இருக்கிறது, என் சொந்தக் கித்தார்ல இருந்து கழட்டினது.”

“அண்ணன்கிட்டயே சொல்லியிருக்கலாமே, அங்கிள்?”

“கொண்டாந்து குடுத்தப்போ, துறைமுகத்துல ஒரு வருஷம் ஓவர்டைம் பார்த்து தம்பிக்கு வாங்கினேன்னு மூணு தடவை சொன்னாரு. எப்படிப்பா சொல்றது?”

வாசலிலிருந்து குரல் வந்தது. “என்னடா, திருடினானா இல்லையா?”

வாசு பழைய பிக்கப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மூடியை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினான்.

“இல்லண்ணே. நீ வாங்கினதேதான் இருக்கு. நான்தான் சத்தம் மாறிடுச்சுன்னு உளறிட்டேன்.”

ரெங்கசாமி விறுவிறுவென்று உள்ளே வந்தான். “அறிவிருக்காடா உனக்கு? ஒரு நல்ல மனுஷனை என் வாயால திருடன்னு சொல்ல வெச்சிட்டியே! முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளு!”

“மன்னிச்சிருங்க, அங்கிள்,” என்றான் வாசு, மனசார.