தாவாயில் விழுந்த புழுவெட்டு

எல்லம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது குப்பத்து வழக்கம். ஒல்லாந்தர் கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றும் தேசப்பனும் தாடி வளர்த்தான். நிறைமாதத்தில் அவன் தாவாயில் ஓர் இடம் மட்டும் மொழுமொழுவென்று ஆனது.

நாவிதர் அங்கமுத்து தடவிப் பார்த்தார். "புழுவெட்டுப்பா. இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு கீற? புள்ளத்தாச்சி நீயா, அவளா?"

தினமும் சின்ன வெங்காயத்தை அரிந்து, தோல் சிவக்கத் தேய்த்துவிட்டார். முடி முளைத்தது. அந்த வாரமே, "உள்ள அசைவே இல்லய்யா" என்றாள் எல்லம்மா.

பிள்ளை இறந்தே பிறந்தது. அதன் தலை மொழுமொழுவென்று இருந்தது.

அடக்கம் முடிந்து தாடியை எடுக்க வந்த அங்கமுத்து, மற்ற இடமெல்லாம் வழித்துவிட்டு, புது முடியருகே கையை நிறுத்திக்கொண்டார். அது பட்டுப்போல, செம்பட்டையாக இருந்தது.

"இது தாடி இல்லப்பா. பொறந்த முடி. நாள் பாக்காம கத்தி வெக்கமாட்டேன்."

எல்லம்மா எழுந்து வந்தாள். உள்ளங்கையில் விளக்கெண்ணெய் ஊற்றி, அந்த இடத்தில் மெல்லத் தடவினாள்.

"அசையாம இருய்யா," என்றாள் புருஷனிடம். "இப்பத்தான் தூங்குது."