யோசிக்கும் பூதம்

லத்தீப் பாய் கடையின் பின்னறையில் அந்தக் காலத்து வீடியோ கேம் மெஷின் ஒன்று பீரோ உயரத்துக்கு நிற்கிறது. பழைய மெஷின்களின் சர்க்யூட்டை அப்படியே ஒரு சிப்பில் ஏற்றி, உள்ளங்கையளவு பெட்டியாக விற்கும் பிரமிளா அதைப் பார்க்க வந்தாள்.

"யாரும் உள்ளே கை வைக்காத ஒரிஜினல்னாதான் காப்பி எடுப்பேன் பாய்."

"பத்து ஊர் தேடினாலும் இப்படி ஒண்ணு சிக்காதும்மா."

அது பொய்யில்லை. முன்பொருமுறை போர்டு புகைந்தபோது, ரேடியோவிலிருந்து கழற்றிய பாகமொன்றை அவரே ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். அன்றிலிருந்து மூன்றாவது லெவலில் வரும் பூதம், அடிக்கக் கை ஓங்கிவிட்டு ஒரு கணம் யோசிக்கிறது.

பிரமிளா ஆடிப் பார்த்தாள். பூதம் யோசித்தது.

"மத்த மெஷின்ல இது உடனே அடிச்சிடுமே பாய்?"

"அதெல்லாம் எவனாவது நோண்டினதா இருக்கும்."

அவள் இன்னொரு முறை ஆடினாள். "இந்த கேமை உருவாக்கினவன் எவ்வளவு அழகா செஞ்சிருக்கான், பாருங்க!" என்று சிரித்தபடி வயரை மாட்டிக் காப்பி எடுக்கத் தொடங்கினாள். பாய்க்குக் காது சிவந்துவிட்டது.

"மெஷின் கொடுத்ததுக்குப் பெட்டி மேல 'உதவி: லத்தீப்'னு போடறேன் பாய்."

கொடுக்க வந்ததைக் குறைக்கச் சொன்னது அவர் வியாபாரத்திலேயே அதுதான் முதல் தடவை.

"'உதவி' வேண்டாம்மா. பேர் மட்டும் போதும்."