பக்கத்துப் பல்

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு ஆய்வு அதிகாரி வெளியே வந்தபோது அவர் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குள் அப்படி என்ன கண்டாரோ, கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தார். பின்னாலேயே டாக்டர் கையைப் பிசைந்தபடி வந்தார்.

பெஞ்சில் காத்திருந்த தையல்காரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆஸ்பத்திரியின் சுத்தத்தையும் தரத்தையும் சோதிக்க அதிகாரி வந்திருக்கிறார் என்று காதில் விழுந்ததும், பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவள் அவள்.

மூன்று மாதத்துக்கு முன் சொத்தைப் பல்லைப் பிடுங்க இங்கே வந்தாள். சொத்தையை விட்டுவிட்டு, பக்கத்தில் தேமே என்றிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார் டாக்டர். கேட்டதற்கு, நீங்கள்தான் தப்பாகக் காட்டினீர்கள் என்றார். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். ஒரு பல்லைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாதா என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்னார்.

தப்பு அவள்மேல் இல்லை என்று ஒரு அதிகாரி ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக்காரர் சாப்பிடும் இடத்துக்கு நேரெதிரே மாட்டுவதாக இருந்தாள்.

டாக்டர் அதிகாரியை நாற்காலியில் பதமாக உட்காரவைத்து, ஆய்வுப் படிவம் இருந்த கோப்பை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே நழுவினார். பேசாத அதிகாரிதான் பொல்லாதவர் என்று பெஞ்சில் ஒருவர் கிசுகிசுத்தார். சாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று நர்ஸ் போட்ட அதட்டலைக் காதில் வாங்காமல், தையல்காரம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார். நான் சொல்றதை மட்டும் கேளுங்க."

"ம்," என்றார் அதிகாரி.

அவ்வளவுதான், மடை திறந்தது. மரத்துப்போகும் முன்பே இடுக்கியை வாய்க்குள் விட்டதைச் சொன்னாள். கீழே விழுந்த பல் பார்க்கும் கண்ணாடியைத் தன் கோட்டில் துடைத்து மறுபடி வாய்க்குள் வைத்ததைச் சொன்னாள். பிடுங்கிய பல்லை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு டாக்டர், "அட" என்றதையும் சொன்னாள். அந்த 'அட'தான் இன்றுவரை அவளைத் தூங்கவிடவில்லை.

ஒவ்வொன்றுக்கும் அதிகாரி 'ம்' கொட்டினார். இடுக்கி என்றதும் நெளிந்தார். 'அட' என்றதும் அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. கட்டின புருஷனுக்கே வராத இரக்கம் முன்பின் தெரியாத மனிதருக்கு வந்ததைப் பார்த்துத் தையல்காரம்மாவும் அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் தயங்கவே, அவளே கோப்பைத் திறந்து பேனாவை நீட்டினாள்.

எழுத இடமில்லை. படிவம் முழுக்க நிரம்பியிருந்தது. சுத்தம், மிக நன்று. கருவிகள், மிக நன்று. டாக்டரின் கைத்திறன், மிக மிக நன்று. அடியில் அதிகாரியின் கையெழுத்து, மேலே முத்திரை.

தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நீங்களும் என்னை நம்பலை. எங்க வீட்டுக்காரருக்கு நீங்க ஒண்ணும் குறைஞ்சவர் இல்லை. முன்னாடியே இதுல கையெழுத்துப் போட்டு வச்சுட்டு, இவ்வளவையும் கேட்டு அழ எப்படி சார் மனசு வந்துச்சு?"

அதிகாரி உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு கைக்குட்டையை விலக்கி, வாய்க்குள்ளிருந்து சிவந்து ஊறிப்போன பஞ்சை மெல்ல வெளியே எடுத்தார்.

"நம்பறேம்மா. கையெழுத்துப் போட்டா, என் சொத்தைப் பல்லை இலவசமா எடுத்துவிடறேன்னாரு," என்றார் குழறிக்கொண்டே. "எடுத்தது பக்கத்துப் பல்லை."