வெட்டுகிற இடம்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்த சூர்யா, அதைத் திரும்பக் கீழே வைத்தான். கம்ப்யூட்டரைக் கழற்றுவதற்கு முன் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான்.

எந்த இடத்தில் வெட்டுகிறது என்று தன் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாம்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அவன் அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில் வாடகை நாற்காலிகள் இன்னும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. டி.வி.க்குக் கீழே கம்ப்யூட்டர். அதன் மேல், சூர்யா மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த கிராஃபிக்ஸ் கார்டு. முதல் லீவில் வரும்போது அப்பாவுக்குக் கொடுக்க என்று வாங்கி வைத்திருந்தானாம். பெட்டி பிரிக்கவில்லை.

மகள் எழிலரசியின் கல்யாணத்தை ஸ்டுடியோக்காரர் 4கே-யில் எடுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். வேலையில் சேர்ந்த புதிது, லீவு கிடைக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்கு சூர்யா வரவில்லை. வராததற்கு ஈடாக, அந்தப் படத்தைப் பெரிய டி.வி.யில் ஓட வைக்கும் வேலையைப் போனிலேயே எடுத்துக்கொண்டான்.

படம் வெட்டியது. நாதஸ்வரம் நிற்காமல் கேட்கும். வாசிப்பவர் மட்டும் கன்னம் உப்பியபடி அப்படியே நிற்பார், பிறகு தாவிப் போய் மூச்சு விடுவார்.

"சத்தம் எக்ஸ்பிரஸ்ல வருது, படம் பாசஞ்சர்ல வருதுடா" என்று போனில் என் வீட்டுக்காரர் சொன்னதும் சூர்யா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். ஆம்பூரில் வேலைக்கு ரயிலிலேயே போய் வந்து ஓய்ந்த மனிதர். உவமையும் அங்கிருந்துதான் வரும்.

அதன் பிறகு ஞாயிறு தோறும் போன். டிரைவரை மாற்றினான், பிளேயரை மாற்றினான், என்னென்னவோ டிக் அடிக்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் மவுஸை நகர்த்துவேன். நாதஸ்வரம் வரை ஓட்டிவிட்டு நிறுத்துவோம். இன்னும் வெட்டுது என்பார் இவர்.

இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சூர்யா சொன்னான், "அப்பா ஒரு தடவகூட ஒழுங்கா பாக்காம போய்ட்டாரும்மா. என்னால அதகூட செய்ய முடியல."

கார்டை மாட்டிவிட்டு ஓட்டினால் போதும். நல்லா ஓடுகிறது, நான்தான் சரி பண்ணேன் என்ற நிம்மதியாவது அவனோடு விமானம் ஏறும். நான் வேண்டியது அவ்வளவுதான்.

அவன் படத்தைப் போட்டான்.

நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பினார். மூச்சு விட்டார். மறுபடி உப்பினார்.

சூர்யா நாற்காலி நுனிக்கு வந்தான். குத்துவிளக்குச் சுடர் அசைந்தது. எழில் படியேறி வந்தாள், தலைப்பூ ஒவ்வோர் அடிக்கும் ஆடியது.

எங்கே வெட்டுகிறது என்று கேட்டான்.

இன்னும் கொஞ்ச தூரம் போகணும் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

தாரை வார்க்கும் இடம் வந்தது. திரையில் நான் செம்பைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். எழிலின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டியவர் இவர். மாப்பிள்ளை கையை நீட்டியபடி இருக்கிறார்.

இவர் கை அதைத் தாண்டிப் போய் ஐயரின் துண்டைத் தொட்டது. திரும்பி வந்தது. தேங்காயைத் தடவியது. எழிலின் விரல்கள்தான் மெல்ல அவர் கையை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தன. அவர் முகம் சிரித்தபடி மேளக்காரர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அன்று என் கண் செம்பின் மேல் இருந்தது. நானும் இப்போதுதான் பார்க்கிறேன்.

சூர்யா பின்னுக்கு ஓட்டினான். மறுபடி பார்த்தான்.

கல்யாணத்துக்கு முன்பே சர்க்கரை அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. தெரிந்தால் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான் என்று, என்னிடமும் எழிலிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். படம் நிற்கிறது என்று நான் காதில் சொன்னதைத்தான் பாசஞ்சர் ஆக்கினார்.

ஒரு ஞாயிறு படம் சரியாகிவிட்டது. நான் காதருகே குனிவதற்குள், இன்னும் வெட்டுது என்று அவர் போனில் சொல்லிவிட்டார்.

தோல் ஃபேக்டரியில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்டராக இருந்தவர். வெளிச்சம் போதாமல் குறை தெரியாத தோலை நல்லதில் சேர்க்கக் கூடாது, ஒரு கிரேடு கீழே தள்ள வேண்டும் என்பது அந்த மேஜையின் வழக்கம். பார்க்க முடியாத படத்தையும் அப்படியே தள்ளினார்.

நல்லாத்தானே ஓடுது, அவன்கிட்ட சொல்லிடலாமே என்று போன் வைத்ததும் கேட்டேன்.

"ஓடுதுன்னா எப்டி இருக்குன்னு கேப்பான். நான் இன்னாத்த சொல்றது?"

அடுத்த ஞாயிறும் வெட்டியது. அதற்கடுத்த ஞாயிறும்.

சூர்யா மவுஸிலிருந்து கையை எடுத்தான். என் பக்கம் திரும்பவில்லை. திரையில் அட்சதை விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாகத் தெரிந்தது, எங்கும் நிற்காமல்.

"ஆமாம்மா" என்றான். "வெட்டுது."

பிறகு கார்டின் பெட்டியைப் பிரித்தான். தன் போனின் டார்ச்சைப் போட்டு என் கையில் கொடுத்து, கம்ப்யூட்டருக்குள் வெளிச்சம் காட்டச் சொன்னான்.