என் பெயரைத் தூக்குங்க

வரைபட நிறுவனம் அனுப்பியதுபோல் தெரிந்த மின்னஞ்சலை நம்பி எஸ்லின் கடவுச்சொல்லைத் தட்டினாள். மறுநிமிடமே அவளுடைய கணக்கு அவளை வெளியே தள்ளிவிட்டது. இணைய வரைபடத்தில் இருபத்தாறு கடைக்காரர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். முதலில் ராஜகனி அண்ணாச்சியின் ஆம்புலன்ஸ் ஷெட்தான் நினைவுக்கு வந்தது. அவர் எண் பிஸியாகவே இருந்ததால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

"அண்ணாச்சி, என் கணக்கை எவனோ பிடிச்சிட்டான்! உங்க பக்கத்துலருந்து என் பேரைத் தூக்குங்க!"

"எல்லாம் உங்கிட்டதான பிள்ள இருக்கு?"

"இல்ல, ஓனர் நீங்கதான். நான் வெறும் மேனேஜர். உங்களை அவனால நீக்க முடியாது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்த அண்ணாச்சி பதறினார். "ஏ, இது நம்ம நம்பரே இல்லியே!"

"அவன்தான் மாத்தியிருக்கான். என் பேரை அழுத்துங்க. கீழே 'நீக்கு'ன்னு இருக்கும்."

அவர் விரல் தயங்கியது. "பத்து மாசமா நீ பாத்த வேல..."

"அழுத்துங்க அண்ணாச்சி!"

எஸ்லினின் பெயர் மறைந்தது. அவள் கைதட்டிக் குதித்தாள். அண்ணாச்சி ஒற்றை விரலால் பழைய எண்ணைப் பதித்தார். இருவரும் திரையையே பார்த்து நின்றார்கள்.

சில நிமிடங்களில் போன் அலறியது.

"ஆம்புலன்ஸுங்களா? மேப்புல பாத்தேன். உப்பளம் விலக்குல ஒரு அம்மா விழுந்து கெடக்காங்க. மூச்சு இருக்கு, சீக்கிரம்!"

அண்ணாச்சி சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பாய்ந்தார். எஸ்லின் அதற்குள் அடுத்த பக்கத்தைக் காப்பாற்ற, தான் பார்த்துக்கொள்ளும் பேக்கரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.