தலைவி கையில் சிலிசிலி பேக்

"பிடிச்சிட்டேன்! தலைவியவே பிடிச்சிட்டேன்!"

காலையில் ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் முன்பே தனுஜா போட்ட கூச்சலில், பால் வாளியோடு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லயத்து வரிசை வீடுகளின் மாதர் சங்கத் தலைவி இராஜம் சட்டென்று கையை முந்தானைக்குள் ஒளித்தாள். என்ன பிரயோசனம்? சரசரவென்று பையே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது. பகல் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ரொட்டி, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சிலிசிலி பேக்கில்!

"பிளாஸ்டிக் இல்லாத லயம்னு போர்டு எழுதி மாட்டினது யாருக்கா?"

"நான்தான்டி. கத்தாத."

"பஜாருக்குப் போனா துணிப்பை, பக்கத்து வீட்டுக்குக் கறி குடுத்தா எவர்சில்வர் டப்பான்னு சட்டம் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"பேக்கோட மாட்டினா லயத்துச் சாக்கடைக் கானை அள்ளணும்னு சொன்னது?"

"அள்ளித் தொலைக்கிறேன்டி! டப்பா இருந்தா நான் ஏன் இதுல கட்டிட்டு வாறேன்? எங்க வீட்டு டப்பா பூரா கருப்பாயி அக்கா வீட்டுல கெடக்கு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தனுஜாவின் காதில் விழுந்தால் தோட்டம் முழுக்க மைக் போட்ட மாதிரிதான்.

"அட, எங்க டப்பாவும் அங்கதான்க்கா!"

"எங்களதும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கருப்பாயி அன்று வேலைக்கு வரவில்லை. புருஷன் கன்னையா பலா மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்ததிலிருந்து அவள் பாதி நாள் வருவதில்லை. பாவம் என்று லயத்தில் ஆளுக்கொரு நாள் குழம்பும் கறியும் கொடுத்தனுப்பினார்கள். முதலில் ஒன்றிரண்டு டப்பா திரும்பி வந்தது. அப்புறம் போனதெல்லாம் போனதுதான்.

"யட்டியாந்தோட்டைல பழைய பாத்திரம் வாங்குற கடை ஒண்ணு இருக்குல்ல..." என்று இழுத்தாள் தனுஜா.

"சும்மா இருடி. கருப்பாயி அக்கா அப்படிப்பட்ட ஆளில்ல" என்றாள் இராஜம். சொன்னாளே தவிர, அவளுக்கும் மனசுக்குள் லேசாக அரிக்கத்தான் செய்தது.

வேலை முடிந்து பால் நிறுத்துப் போட்ட கையோடு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் இராஜம், பின்னால் தனுஜா, அவளுக்குப் பின்னால் பாதி லயம். தேர் பார்க்கப் போகிற மாதிரி ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

கருப்பாயி வீட்டு வாசலில் எல்லாரையும் நிறுத்தினாள் இராஜம்.

"நான் போய் வாங்கிட்டு வாறேன். ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பலகைத் தட்டில் அத்தனை டப்பாவும் அடுக்கியிருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வைத்திருந்தாள்.

"என்னாக்கா இது? டப்பாக் கடை போடப் போறியா?"

கருப்பாயி சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல இராஜம். வெறும் டப்பாவ எப்படித் திருப்பிக் குடுக்குறது? நம்ம சனத்துல அப்படிக் குடுத்திருக்கமா? மொதல்ல கறிவேப்பிலை போட்டுக் குடுத்தேன். பெறகு ஒரு கை சீனி போட்டேன். இப்ப சீனியும் இல்ல."

இராஜம் ஒரு டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"சிலிசிலி பேக்ல குடுத்தப்ப இந்தத் தொல்லை இல்ல. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்று கருப்பாயி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

எவர்சில்வர் டப்பா என்று சட்டம் போட்ட வாய் இராஜத்துடையதுதானே! இதை ஏன் யோசிக்காமல் போனோம் என்று அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வாசலிலிருந்து தனுஜாவின் குரல் வந்தது.

"என்னாக்கா, டப்பா இருக்கா? இல்ல வித்தாச்சா?"

வெளியே எல்லாரும் கெக்கெக்கென்று சிரித்தார்கள். கருப்பாயியின் முகம் செத்துப் போனது.

"அக்கா, நீ வாயே தொறக்காத" என்று கிசுகிசுத்தாள் இராஜம். ஒவ்வொரு டப்பாவையும் மூடி அழுத்தினாள். வெறும் டப்பாச் சத்தம் டங்கென்று வராமல் இருக்க இடையில் பழைய சேலைத் துணியைச் செருகித் துணிப்பையில் அடுக்கினாள். பையைத் தோளில் மாட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்க வெளியே வந்தாள்.

"அடி ஆத்தி! என்னாக்கா இப்படிப் போட்டு அடைச்சிருக்க? என் தோள்பட்டையே கழண்டு போச்சு!"

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"வெறும் டப்பா குடுக்க மாட்டேன்னு இவ்வளவு நாளும் வச்சிருந்திருக்கு இந்த அக்கா. இப்ப எல்லாம் நெறைச்சுக் குடுத்திருக்கு. அவங்கவங்க வீட்டுல போய்த் தொறந்து பாருங்க."

வீடு வரைக்கும் பொறுப்பவளா தனுஜா? மேலே இருந்த தன் டப்பாவைப் பையிலிருந்து பறித்துவிட்டாள்.

"ஏய், இங்க தொறக்காதடி..."

டப்பென்று மூடி கழன்றது.

தனுஜா உள்ளே பார்த்தாள். இராஜத்தைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்ற கருப்பாயியைப் பார்த்தாள். மறுபடியும் டப்பாவுக்குள் பார்த்தாள்.

"என்னாடி இருக்கு? எங்களுக்கும் காட்டேன்!" என்று நாலு பக்கமும் தலைகள் எட்டின.

தனுஜா டப்பாவை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டாள். ஒரு விரலை உள்ளே விட்டு நன்றாக வழித்தாள். வாயில் வைத்துச் சப்புக் கொட்டினாள்.

"கருப்பாயி அக்கா, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். மத்தபடி சூப்பர்!"